படத்தில் எரியும் அடுப்பு

குமணன்சாவடியில் ஜட்காவை விட்டு இறங்கியபோது தணிகாசலத்தின் மைத்துனர் என்னைப் பிடித்துக்கொண்டார். "மாஸ்டர் பூட்டாரு சார். கொஞ்ச நாளா கஞ்சிகூட வாணான்னுட்டாரு," என்றார். நம் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் தணிகாசலத்தைத்தான் சொன்னார். அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. எனக்கு மனம் ஆறவில்லை.

டிராயிங் அறையில் அவர் மாட்டியிருந்த படம் உங்களுக்கு நினைவிருக்கும். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரர் வீட்டு ஏலத்தில் எடுத்தது. போன நூற்றாண்டில் ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதிய கிராமத்து வீட்டுச் சித்திரத்தின் அச்சுப்படி. தாழ்ந்த கூரைகள், மேலே பெரிய வானம். மனிதர் ஒருவரும் கிடையாது. "ஆளில்லாத ஊரா?" என்று கிண்டல் செய்தேன். "பொகை வருது பாருப்பா. அடுப்பு எரியுதுன்னா ஆளு உள்ள கீறாங்க," என்றார்.

யுத்தம் வந்தது. ஆவடிப் பக்கம் ராணுவத்துக்கு நிலம் எடுத்ததில் அவருடைய ஊரும் போயிற்று. இடிப்பதற்குள் எல்லா வீட்டையும் ஒரே படத்தில் எழுதிவிட வேண்டும் என்று துணியை விரித்தார். ஊரார் வேறு விதமாக எடுத்துக்கொண்டார்கள். படத்தைப் பார்த்தால் நிலம் எடுக்க வந்த ராணுவத் துரை மனம் இளகுவார் என்று நம்பி, பொங்கலுக்குச் செய்வதுபோல் சுவரெல்லாம் சுண்ணாம்பும் காவியும் அடித்தார்கள். "அழுக்கு ஊட்ட எழுதாத மாஸ்டரே, இப்ப பாத்து எழுது," என்றார்கள் பெண்கள். அவரும் எழுதி முடித்த மண்சுவர்களை மறுபடி வெள்ளையாக எழுதினார். "நம்பிக்கினு கீறாங்க, எப்டிப்பா வாணான்றது?" என்று என்னிடம் புலம்பினார். தன் வீட்டைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே போனார்.

துரை பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் லாரிகள் வந்தன. சுண்ணாம்பு காயாத சுவர்களைத் தள்ளினார்கள், மாஸ்டர் வீட்டுச் சுவரையும்.

பிறகு மாஸ்டர் நூம்பலில் மைத்துனர் வீட்டு மூலையில் கிடந்தார். நினைவிலிருந்து எழுதலாமே என்றேன். "கண்ண மூடினா வெள்ளைச் செவுருதான் தெரியுது. எங்க ஊடு தெரியல," என்றார்.

அன்று அவரைச் சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போன பிறகு, அவர் மனைவி செங்கேணி அம்மாள் அவர் எழுதிய ஊர்ப் படத்தை என் கையில் கொடுத்தார். வரிசையாக வீடுகள், ஒவ்வொரு கூரைமேலும் புகை. நடுவில் ஓர் இடம் மட்டும் வெறும் துணி. அங்கே வீடு இல்லை, புகை மட்டும் மெலிதாக எழுந்து நிற்கிறது. எப்போது எழுதினாரோ, அம்மாளுக்கும் தெரியவில்லை.

சாவு வீடு என்பதால் அன்று அடுப்பு மூட்டவில்லை. "எங்க அடுப்பு இதுல மட்டுந்தான் எரியுது சார்," என்றார் அம்மாள். "நீங்களே வச்சிக்குங்க."

வைத்திருக்கிறேன்.