நோன்பில்லாத தெருவில் ஒரு தப்ஸ் சத்தம்

1986-ம் வருஷம் மே மாதம். பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு ஆம்பூரில் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்பதே பொய். எனக்கு உட்காரவே வராது. லீவு விட்டால் எங்கள் தெருப் பெண்களுக்கு ஒன்று டைப்ரைட்டிங், இல்லாவிட்டால் தையல். எனக்கு இரண்டும் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியே கிடந்த மைக்ராஸ்கோப்பை வருஷக்கணக்காக வெளியில் நின்று பார்த்தாயிற்று. ஒரு தடவையாவது அதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று வெறி.

ஏப்ரல் முழுக்க ஊரெல்லாம் விசாரித்தேன். மெட்ராஸில் ஒரு கோடை வகுப்பு இருந்தது. தங்க அங்கே எங்களுக்கு யாரும் இல்லை. ஏலகிரியில் ஒரு முகாம். மலையேற்றம் ஜாஸ்தி, பாடம் கம்மி. அதன் கட்டணத்தைச் சொன்னதும், ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் வேலை பார்த்த அப்பா சிரித்தே விட்டார். "அந்தத் துட்டுக்கு மலையில எடமே வாங்கிடலாம் போலக்குதே!"

கடைசியில் நூலகத்து நோட்டீஸ் போர்டில் கிடைத்தது. வேலூரில் ஒரு கல்லூரி, பள்ளி மாணவர்களுக்கு மூன்று வார அறிவியல் வகுப்பு, செய்முறையோடு. அன்று சாயங்காலமே என் தோழி வீட்டுக்கு ஓடினேன். நாங்கள் இரண்டு பேரும் ஆறாவதிலிருந்து ஒரே பெஞ்சு. அவள் அத்தா என்று கூப்பிடும் அப்பா, தோல் பதனிடும் டேனரியில் சூப்பர்வைசர். "ரெண்டு பேரும் சேந்துதான் போவணும். தனியா அனுப்ப மாட்டேன்" என்றார். எங்கள் வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். ஆக, போனால் இருவரும். இல்லாவிட்டால் ஒருவரும் இல்லை.

அவள் அண்ணன் துணையோடு வேலூருக்குப் போய் அலுவலகத்தில் கேட்டோம். கட்டணத்தைச் சொன்னார்கள். ஏலகிரி அளவு இல்லை. ஆனால் அப்பாவால் முடியாது. தோழிக்கு வேறு கவலை. வகுப்பு காலை பத்திலிருந்து சாயங்காலம் நான்கரை வரை. அடுத்த வாரம் நோன்பு ஆரம்பம். வேலூர் வெயிலில், தண்ணீர்கூடக் குடிக்காமல், பட்டப்பகலில் அலைந்து வர வீட்டில் விடமாட்டார்கள்.

நான் கிளம்பவில்லை. "இந்தப் பணத்துக்குள்ள என்னென்ன சார் இருக்குது?" என்று கேட்டேன்.

கிளார்க் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "லேப் செலவு கொஞ்சம். மிச்சமெல்லாம் மத்தியானச் சாப்பாடு, டீ. ஏம்மா, தெரிஞ்சி இன்னா பண்ணப் போற?"

"நான் நோன்பு சார். சாப்பிடவே மாட்டேன்" என்றாள் தோழி.

"எல்லாருக்கும் ஒரே ரேட்டுதாம்மா."

"அப்ப யாருக்குமே சாப்பாடு வேணாம் சார்! காலையிலயே கிளாஸ் வெச்சி மத்தியானம் வீட்டுக்கு அனுப்பிடுங்களேன்" என்று நான் கத்திவிட்டேன். கத்தியது பக்கத்து அறை வரை கேட்டிருக்க வேண்டும். வகுப்பை நடத்தும் பேராசிரியை வெளியே வந்தார். திட்டுவார் என்று பார்த்தால், விரல்விட்டுக் கணக்குப் போட்டார்.

"ஏழு மணிக்கு ஆரம்பிச்சா பன்னெண்டரைக்கு முடிச்சிடலாம். பீஸும் பாதிக்கு மேல கொறையும். ஆனா வெளியூர்ப் பசங்கல்லாம் இருக்காங்க. எல்லாரும் சரின்னா மாத்தறேன். ஒருத்தர் முடியாதுன்னாலும் பழைய டைம்தான். சனிக்கிழமைக்குள்ள நீயே கேட்டுட்டு வந்து சொல்லு."

வெளியே வந்ததும்தான் எனக்கு உறைத்தது. ஏழு மணிக்கு வேலூர் என்றால் ஆம்பூரில் ஐந்து மணி பஸ். நோன்பு வைக்கிறவளை அந்த நேரத்துக்கு இழுக்கிறேனே என்று அவளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"நோன்பு மாசத்துல மூணரைக்கே எங்க வீட்ல அடுப்பு எரியும்டி. சஹர் சாப்ட்டு, தொழுதுட்டு, ஜம்முனு பஸ் ஏறுவேன். தூங்குமூஞ்சி நீதான். ஒன்ன யாரு எழுப்பறது?"

இருக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அலுவலகத்தில் விலாசம் வாங்கிக்கொண்டு, பெயர் கொடுத்திருந்தவர்களைத் தேடி பஸ் பஸ்ஸாக ஏறினோம். மேல்விஷாரத்துப் பையன்கள் இரண்டு பேரும் நோன்பு வைக்கிறவர்கள். நாங்கள் சொல்லி முடிப்பதற்குள் தலையாட்டினார்கள். குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டும் வீட்டில் அந்த அப்பா, "எங்க தறி அஞ்சு மணிக்கே ஓடுதும்மா. பையன் மட்டும் இன்னா ராஜாவா?" என்றார். ஒடுகத்தூர்ப் பெண்ணுக்கு வேலூரிலேயே சித்தி வீடு இருந்தது. எல்லாம் சரி, எல்லாம் சரி. கடைசியாக ஒருவன். வேலூரிலேயே, கல்லூரிக்கு நடக்கிற தூரத்தில் இருக்கிறவன்!

ஆஸ்பத்திரி ஊழியர் குடியிருப்பில் வீடு. பனியனோடு கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தான். "லீவுல ஏழு மணிக்கா? பேஜாருங்க. முடியாது."

கெஞ்சினேன். ஆறு மணிக்கு மேல் தூங்கினால் ஞாபகசக்தி குறையும் என்று விஞ்ஞானம் மாதிரி ஏதோ அளந்துவிட்டேன். அவன் அசையவில்லை. "நான் ஃபுல் பீஸ் கட்டிட்டேன். என் சாப்பாடு இன்னா ஆவறது?"

"மீதியைத் திருப்பித் தருவாங்கப்பா" என்றேன்.

"காசு வேற, சாப்பாடு வேற" என்றான். என்னடா நியாயம் இது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அழவில்லை. படியிலேயே உட்கார்ந்தேன். "நீங்க சரின்னு சொல்ற வரைக்கும் எழுந்திரிக்க மாட்டேன்."

அந்த நேரத்தில் அவன் அம்மா ட்யூட்டி முடிந்து, நர்ஸ் உடுப்போடு படியேறி வந்தார். விஷயத்தைக் கேட்டார். மகனை ஒரு பார்வை பார்த்தார். "ஒன் சோத்துக்காக இந்தப் பொண்ணுங்க வீட்ல உக்காரணுமாடா?"

அவன் முனகினான். என் தோழி மெதுவாகக் குறுக்கிட்டாள். "பெருநாளைக்கு எங்க வீட்லேர்ந்து பிரியாணி அனுப்பறோம்."

"ஆம்பூர் பிரியாணியா?" அவன் கண் முழுதாகத் திறந்தது அப்போதுதான். "சரி. வர்றேன்."

அவன் அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

வகுப்பு ஏழு மணிக்கு மாறியது. அப்பா புதுக் கட்டணத்தைக் கட்டினார். ஆனால் தோழி கேட்ட கேள்வி அப்படியேதான் நின்றது. எங்கள் வீட்டில் அலாரம் கடிகாரம் கிடையாது. முதல் நாள் அம்மா ராத்திரி முழுக்கத் தூங்காமல் உட்கார்ந்திருந்து என்னை எழுப்பினார். இரண்டாம் நாளும் அப்படியே. அம்மாவின் சிவந்த கண்ணைப் பார்த்ததும் எனக்கு மனசே சரியில்லை. பஸ்ஸில் தோழியிடம், "இது சரிப்படாது போலக்குதுடி, அம்மா படுத்துட்டா நான் நின்னுட வேண்டியதுதான்" என்றேன்.

மூன்றாம் நாள், இருட்டில், எங்கள் வாசலில் தப்ஸ் சத்தம். நோன்புக்காரர்களை விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு எழுப்ப, கையில் தப்ஸ் என்கிற அந்த வட்டப் பறையைத் தட்டிக்கொண்டு பாடியபடி ஒருவர் அவர்கள் தெருக்களில் நடப்பார் என்று எனக்குத் தெரியும். தூரத்தில் கேட்டிருக்கிறேன். எங்கள் தெருவுக்கு அவர் வந்ததே இல்லை. எங்கள் தெருவில் நோன்பு வைக்கிற வீடு ஒன்றுகூட இல்லை. நான் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தேன். எதிர் வீட்டுத் தாத்தா ஜன்னலைத் திறந்து சத்தம் போட்டார்.

"யோவ், வழி மாறி வந்துட்டியா? இங்க யாருய்யா நோன்பு?"

"நோன்பு இல்லீங்க. இந்த வூட்ல படிக்கிற பொண்ணு ஒண்ணு இருக்குதாம். பஸ்ஸுக்குப் போவணுமாம்" என்றது அந்தக் குரல்.

தோழி வீட்டில் போய்ச் சொல்ல, அவள் அத்தாதான் அவரிடம் சொல்லியிருக்கிறார். நான் கதவைத் திறப்பதற்குள் தப்ஸ்காரர் தெருக்கோடி திரும்பிவிட்டார். அன்றிலிருந்து வகுப்பு முடிகிற வரைக்கும் ஒரு நாள் தவறவில்லை. தாத்தாவும் ஒரு வாரத்தில் பழகிவிட்டார், "ஏய், ஒன் ஆளு வந்துட்டாரு, எழுந்திரி!" என்று அவரும் சேர்ந்து குரல் கொடுக்க ஆரம்பித்தார்.

மைக்ராஸ்கோப்பில் நான் பார்த்தேன். வெங்காயத் தோலைப் பார்த்தேன். அப்பா வெட்டிப் போட்ட ஆட்டுத்தோல் துணுக்கில், ஒரு காலத்தில் முடி முளைத்திருந்த குழிகளை வரிசை வரிசையாகப் பார்த்தேன். தண்ணீர் குடிக்க நான் வராந்தாவில் ஒளிந்து நின்றால், "குடிடி, எனக்கொண்ணும் நாக்கு ஊறாது" என்று தோழி திட்டுவாள். அந்தச் சாப்பாட்டுப் பையன்தான் தினமும் முதல் ஆளாக வந்து நின்றான்!

பெருநாள் அன்று தோழி வீட்டுக்குப் போனபோது அந்தத் தப்ஸ்காரரைப் பார்த்து நன்றி சொல்ல வேண்டும் என்றேன். நோன்பு முடிந்ததும் அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. என் பெயர் அவருக்குத் தெரியாது. படிக்கிற பொண்ணு என்ற ஒன்று போதும் என்று நினைத்து, தன் வழியை விட்டு ஒரு தெரு கூடுதலாக நடந்திருக்கிறார்.

இப்போது நான் கல்லூரியில் விலங்கியல் இரண்டாம் வருஷம். நானே அலாரம் வைத்து நானே எழுந்துகொள்கிறேன். ஆனாலும் நான் படிப்பது என் ஒருத்தியின் காரியம் என்று நினைக்க அந்த மே மாதத்திலிருந்து என்னால் முடியவே இல்லை.