அணைத்து வைத்த சோதனை

நிரலை வரி வரியாக நிறுத்திப் பார்க்க உதவும், அவர்கள் அலுவலகமே தயாரிக்கும் டீபக்கரே பொய் சொன்னால் யாரிடம் போய் முறையிடுவது? மாறிவிட்ட எண்ணைக் காட்டாமல் பழைய எண்ணையே அது காட்டிக்கொண்டிருந்தது. மூன்று வாரம் அவள் மண்டையை உடைத்துக்கொண்டாள். எந்தப் பிழைக்கும் மருந்து சொல்வான் என்று எல்லாரும் 'டாக்டர்' என்று கூப்பிடும் அடுத்த மேசைக்காரன், கூடவே உட்கார்ந்து உச்சுக்கொட்டினான்.

ஒருவழியாகப் பிழை சிக்கியது. ஆனால் இதைப் பிடிக்கவென்றே அவள் எழுதிவைத்த தானியங்கிச் சோதனை ஏன் வாய் திறக்கவில்லை? பழைய பதிவுகளைப் புரட்டினாள். சோதனை அன்றைக்கே கத்தியிருக்கிறது. டாக்டர்தான் பிழையைத் தீர்க்காமல் சோதனையை அணைத்து வைத்திருக்கிறான். தேதியைப் பார்த்தாள். அப்பாவின் அறுவை சிகிச்சைக்காக அவள் பாதி வேலையில் கிளம்பிய நாள். "நீங்க கிளம்புங்கக்கா, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட் வரை வந்தானே, பாவி! எல்லாம் தெரிந்தேதான் மூன்று வாரம் உச்சுக்கொட்டியிருக்கிறான்.

அவள் பிழையைத் திருத்தினாள், சோதனையை மறுபடி இயக்கினாள். திருத்தக் குறிப்பின் முதல் வரியிலேயே, அதை அணைத்தவன் பெயரையும் தேதியையும் எழுதினாள். சரிபார்க்கச் சொல்லி அவனுக்கே அனுப்பினாள்.

அரை நிமிடத்தில் பதில் வந்தது: "ஒரு வரி விடாம படிச்சுட்டேன் அக்கா. அருமை!"