நிராகரிக்கப்பட்ட பெட்டி

தவக்காலத்தின் நான்காம் கிழமை, காலையில் றெஜினா அக்கா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, அவர் போயிட்டார்." அவருடைய கணவர் செபமாலை அண்ணை கனடியக் குடியுரிமை பெற்று மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் என் வாயில் முதலில் வந்தது, "எப்ப திருப்பி அனுப்பினவங்கள்?" என்ற கேள்விதான். மாரடைப்பு என்று அக்கா விளக்கினார். அண்ணையை அறிந்தவர்கள் என் கேள்வியை மன்னிப்பார்கள். அவரோடு பழகியதில் ஒட்டிக்கொண்ட பயம் அது.

தொண்ணூற்றொன்றில், கனடா வந்த புதிதில், அஜின்கோர்ட்டில் ஒரே வீட்டில் குடியிருந்தோம். கீழே பேஸ்மென்றில் அவர், மேலே நான். இருவரும் அகதிக் கோரிக்கையாளர். அவருக்கு விசாரணை முடிந்து முடிவு வரவேண்டியிருந்தது. எனக்கு ஜூனில் விசாரணை. அவருடைய மனைவி றெஜினாவும் மகளும் மன்னாரில் இருந்தார்கள். நல்ல கடிதம் வந்தால்தான் அவர்களை அழைக்கலாம்.

உயிர்த்த ஞாயிறு முடிந்த செவ்வாய்க்கிழமை, மீள்சுழற்சிக்கு வைத்த நீலப் பெட்டியைக் குப்பை லொறி எடுக்காமல் போய்விட்டது. பெட்டியில் ஒரு செம்மஞ்சள் துண்டு ஒட்டியிருந்தது. அதன் தலைப்பில் பெரிய எழுத்தில் ஒரே சொல்: 'றிஜெக்ரட்'. எங்கள் சனத்துக்கு அந்த ஆங்கிலச் சொல் ஒரே பொருளைத்தான் தரும்: அகதிக் கோரிக்கை நிராகரிப்பு.

நான் வேலைக்கு இறங்கியபோது, பூசைக்குப் போடும் கோட்டுடன், பையும் கட்டிவைத்து, அண்ணை படியில் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, எத்தினை மணிக்கு வருவாங்கள்?"

"ஆர் அண்ணை?"

துண்டை நீட்டினார். வாங்கி வாசித்தேன். சொக்கலேற் முட்டை சுற்றிய மினுங்கல் தாளும், ஈஸ்ரர் கூடையில் பரப்பும் பிளாஸ்ரிக் புல்லும் இந்தப் பெட்டிக்குள் போடக்கூடாதாம்.

"உங்களை இல்லை அண்ணை. பெட்டியைத்தான் றிஜெக்ட் பண்ணியிருக்கிறாங்கள்."

"பெட்டியையே ஏற்காதவங்கள் என்னை ஏற்பாங்களே?"

அந்தப் புல், வேலையிடத்தில் எனக்குக் கிடைத்த கூடையின் புல் என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. எனக்கும் ஜூன் வரவேண்டியிருந்தது.

அடுத்த மாதமே அவர் ஏற்கப்பட்டார். பயம் மட்டும் போகவில்லை. அதன்பின் அவர் கொண்டாடிய உயிர்த்த ஞாயிறுகளில் குப்பை விழவேயில்லை. கோப்பை கழுவிய உணவகத்திலிருந்து வெங்காயத் தோல் கொண்டுவந்து, அதோடு முட்டைகளை அவித்துச் சிவப்பாக்குவார். கூடைக்குப் பதிலாக அரிசிப் பை. புல்லுக்குப் பதிலாக ஒன்றுமில்லை. விருந்தில் காகிதத் தட்டு கிடையாது. நாற்பது பேர் சாப்பிட்ட கோப்பைகளைத் தானே கழுவுவார். "மிச்சம் வைச்சால் ஆள் பிடிபடும்" என்பார்.

ஒரு வருடம், ஈஸ்ரர் விளையாட்டாக அவர் ஒளித்துவைத்துப் பிள்ளைகள் தேடியெடுத்த முட்டைகளில் ஒன்று குறைந்தது. றெஜினா அக்காவும் மகளும் வந்து சேர்ந்திருந்த முதல் ஈஸ்ரர் அது. அண்ணை கோட்டோடு ஈரப் புல்லில் முழங்காலில் ஊர்ந்தார்.

"ஒரு முட்டைதானே, விடுங்கோவன்!" என்று அக்கா யன்னலால் கத்தினார்.

"உனக்கென்ன தெரியும்? இருபத்துநாலு ஒளிச்சனான். ஒண்டு எங்கையோ இருந்து சாட்சி சொல்லப் பாக்குது."

கடைசியில் அது அவருடைய கோட்டுப் பைக்குள் இருந்தது. அக்கா சிரித்தார். அண்ணை சிரிக்கவில்லை.

கோயில் மண்டபத்தில் அவரைச் 'சுற்றுச்சூழல் காவலர்' என்று பாராட்டிப் பொன்னாடை போர்த்தினார்கள். என் காதருகே குனிந்து, "காவலர் எண்டால் பொலிசோ?" என்று கேட்டார். பொன்னாடை சுற்றிவந்த பிளாஸ்ரிக் உறையையும் மடித்து வைத்துக்கொண்டார். இயற்கையை நேசித்தவர் என்று அன்று பலர் பேசினார்கள். அவர் இயற்கையை நேசித்தாரோ தெரியாது. ஒட்டப்படக்கூடிய ஒரு துண்டுக்கு அஞ்சினார். அந்த அச்சத்தைக் கொடுத்த நானே மேடையில் வாழ்த்துரை வாசித்தேன்.

அடக்கம் முடிந்ததும் றெஜினா அக்கா அவருடைய குடிவரவுக் கோப்பினை என்னிடம் கொண்டுவந்தார். "இதில உம்மைப் பற்றி ஏதோ எழுதியிருக்கிறார். வாசியும்."

ஏற்புக் கடிதத்துக்குக் கீழே அந்தச் செம்மஞ்சள் துண்டு இருந்தது. பின்புறத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: "இந்தப் புல்லு மேல்வீட்டுத் தம்பி போட்டது. அவனுக்கு இன்னும் கேஸ் முடியேல்லை. ஆரும் வந்து கேட்டால் நான்தான் போட்டனான் எண்டு சொல்லவேணும்."

கோப்பினை அக்காவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். துண்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அது மீள்சுழற்சிக்கு ஏற்ற தாள்தான். பெட்டியில் போட எனக்குப் பயமாக இருக்கிறது.