பத்திரிகைப் படத்தில் சிரித்தவள்

எண்பதுகளில் மலேசியாவின் கிள்ளானில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் படத்தைப் பற்றி விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் பல்கலைக்கழக இடங்கள் அறிவிக்கப்பட்ட சில நாட்களில் தமிழ்ப் பத்திரிகைகளில் ஒரு படம் வரும். நல்ல தேர்ச்சி பெற்றும் இடம் கிடைக்காத பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். பள்ளியை விட்டு மாதக்கணக்கில் ஆகியிருந்தாலும் சீருடை போட்டிருப்பார்கள். தேர்வு முடிவுத் தாளை நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருப்பார்கள். பின்னால் பெற்றோர் நிற்க, நடுவில் நாற்காலி போட்டு இந்தியர் கட்சியின் வட்டாரத் தலைவர் உட்கார்ந்திருப்பார். எல்லா முகமும் துக்க வீட்டு முகமாக இருக்கும்.

ரொட்டி சானாய் கடையில் ஆளுக்கொரு பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அதைப் பார்ப்போம். யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிப்போம், உச்சுக் கொட்டுவோம், அடுத்த பக்கத்துக்குப் போவோம். பிறகு மேல்முறையீட்டில் சிலருக்கு ஏதோ ஓர் இடம் கிடைக்கும். அப்போது இன்னொரு படம் வரும். அதே பிள்ளைகள் அதே தலைவருக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருப்பார்கள். இரண்டு படங்களும் இல்லாத ஆண்டு எனக்கு நினைவில் இல்லை.

எனக்கு வீட்டில் வாயாடி என்று பெயர். அப்பா போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. மேலதிகாரியிடம் பேசுவதற்கு முன் தொண்டையைக் கனைத்துக்கொள்ளும் வழக்கம் உள்ளவர். அவருக்குக் கீழே வேலை பழகியவர்கள் அவரைத் தாண்டி மேலே போன ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, "பரவால்ல லா" என்பார். அந்தப் பரவாயில்லையைக் கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல் வந்தது. சட்டம் படிக்க வேண்டும், எவன் முன்னாலும் நிமிர்ந்து நின்று ஏன் என்று கேட்கிற வேலைக்குப் போக வேண்டும் என்ற வெறி அதில் பிறந்ததுதான். பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவத்தில் மாடு மாதிரி உழைத்தேன். முடிவு நன்றாகவே வந்தது. விண்ணப்பத்தில் எல்லா இடத்திலும் சட்டம் என்றே எழுதினேன். இடம் இல்லை என்று பதில் வந்தது.

மலாய்க்காரர்களுக்கு இடம் ஒதுக்கிய கோட்டாவைப் பற்றி அந்தக் காலத்தில் வீட்டுக்குள் மட்டும்தான் பேசுவோம். அதிலும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசுவோம். என் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலாய்த் தோழிக்கு இடம் கிடைத்தது. காப்பார் பக்கம் ஒரு கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்துப் பெண், அவள் அப்பா கடலுக்குப் போகிறவர். அவள் இடத்தை நான் ஒரு நாளும் பொறாமையோடு பார்த்ததில்லை. அந்த வீட்டில் புத்தகம் வைக்க மேசை இல்லாதது எனக்குத் தெரியும். ஆனால் அவளுக்கு ஒரு கதவைத் திறக்க எனக்கு ஒரு கதவைச் சாத்தித்தான் ஆக வேண்டுமா, நாட்டில் கதவே அவ்வளவுதானா, இன்னும் நாலு கதவு வைத்தால் சுவர் இடிந்துவிடுமா என்று கேட்டேன். இன்றும் அதைத்தான் கேட்கிறேன். அப்பா ஜன்னலைச் சாத்திவிட்டு, "தலைவரைப் போய்ப் பார்ப்போம்மா" என்றார்.

அம்மா மேருவில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தாள். ஷிப்டு முடிந்து வந்தவள், அப்பா என் பழைய சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். நீலப் பினபோர், வெள்ளைச் சட்டை. இடுப்பில் பிடித்தது. அப்பாவே தையலைப் பிரித்துவிட்டிருந்தார். இருபதை எட்டிக்கொண்டிருந்த எனக்கு அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்க உடம்பெல்லாம் கூசியது. ஏன் சீருடை என்று கேட்டேன்.

"அப்பதான் பாவமா இருக்கும்னு தலைவர் ஆபீஸ்ல சொன்னாங்க" என்றார் அப்பா.

எனக்குள் ஏதோ கொதிக்க ஆரம்பித்தது அந்த நிமிடத்தில்தான்.

தலைவரின் அலுவலகம் கிள்ளானில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. படிக்கட்டிலேயே பிள்ளைகள் நின்றார்கள். ரவாங்கிலிருந்து, செமினியிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். ஒரு தாய் தன் மகனின் தலையைச் சீவி, பிறகு என்ன தோன்றியதோ, கொஞ்சம் கலைத்துவிட்டாள். பத்திரிகையிலிருந்து வந்த புகைப்படக்காரர் எங்களை உயரப்படி நிறுத்தினார். நான் மூன்றாவது வரிசையில் அப்பாவுக்கு முன்னால் நின்றேன். தலைவர் கடைசியாக வந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார், வேட்டியைச் சரிசெய்துகொண்டார். எங்களில் ஒருவரிடம்கூட என்ன படிக்க ஆசை என்று கேட்கவில்லை.

"எல்லாரும் கொஞ்சம் சோகமா இருங்க" என்றார் புகைப்படக்காரர். "தம்பி, தாளை மேல தூக்குங்க. தங்கச்சி, தலையை லேசா குனிங்க."

அந்தத் தங்கச்சி நான்தான். எவனோ ஒருவன் வந்து எனக்கு எப்படித் துக்கப்பட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறான். நான் தோற்றவள் இல்லை. தேர்வில் ஜெயித்தவள். கையில் பிடித்திருந்த தாளில் அதுதான் எழுதியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஏன் குனிய வேண்டும்? நிமிர்ந்தேன். பல் தெரியச் சிரித்தேன்.

"தங்கச்சி, சிரிக்காதீங்க லா!"

"பாஸ் பண்ணியிருக்கேன் அண்ணே, சிரிக்காம என்ன செய்யறது?"

முன்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். அப்பாவின் கை என் தோளை அழுத்தியது. "ஒரு நிமிசம் மூஞ்சிய வாட்டமா வெச்சா என்னம்மா கொறஞ்சு போயிடும்?" என்று காதருகில் கெஞ்சினார். அந்தக் குரல் என்னை அறுத்தது. இருந்தாலும் சிரிப்பை இறக்கவில்லை. ஃபிலிம் வீணாகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே புகைப்படக்காரர் எடுத்து முடித்தார்.

மறுநாள் படம் வந்தது. இதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. துக்க முகங்களுக்கு நடுவே ஒருத்தி மட்டும் சிரித்தால் நம் ஆட்கள் என்ன நினைப்பார்கள்? அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது என்றுதான். காலையிலேயே எதிர்வீட்டு ஆன்டி கேசரியோடு வந்துவிட்டார். பிறகு அப்பாவின் துறைமுக நண்பர்கள் ஆரஞ்சுப் பழப் பெட்டியோடு வந்தார்கள். பந்திங்கிலிருந்து பெரியப்பா பஸ் ஏறி வந்து, "லாயரம்மா எங்கே?" என்று வாசலிலிருந்தே குரல் கொடுத்தார். வந்த ஒவ்வொருவரிடமும் அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இல்லை, கிடைக்கவில்லை என்று சொன்னார். "அப்ப ஏன் சிரிக்குது?" என்று கேட்டார்கள். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டார். கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப் போகவும் அவர்களால் முடியவில்லை. உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அம்மா சமையலறையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அழுகிறாளோ என்று பயந்து ஓடினேன்.

தலைவரின் உதவியாளருக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவைக் கூப்பிட்டுக் கத்தியிருக்கிறார். படத்தைப் பார்த்தால் சமுதாயத்துக்கு ஒரு குறையும் இல்லாதது போல இருக்கிறதாம், மற்றப் பிள்ளைகளின் அப்பீலையும் உங்கள் மகள் கெடுத்துவிட்டாளாம். அதைக் கேட்டு, கெடுத்துத்தான் விட்டேனோ என்று ஓர் இரவு முழுக்க அம்மாவை நச்சரித்தது உண்மை. ஆனால் அப்பீலில் வழக்கம்போல் சிலருக்கு இடம் கிடைத்தது. எனக்கும் கிடைத்தது. கிழக்குக் கரையில், மீன்வளத் துறையில்.

மீன்வளம் நல்ல படிப்பு. அதை ஆசைப்பட்டுக் கேட்ட பிள்ளை எங்கோ வேறு ஏதோ ஒரு துறையில் முழித்துக்கொண்டிருந்திருக்கும். அதுதான் எனக்கு ஆறவே இல்லை. யாருக்கு என்ன வேண்டும் என்று யாரும் பார்க்கவில்லை. காலியாக இருந்த நாற்காலியில் ஒரு தலையை உட்கார வைத்துவிட்டுக் கணக்கை முடித்திருந்தார்கள். அப்பா பொன்னாடை வாங்கி வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நன்றிப் படம்.

"நான் போகல."

"படத்துக்கா?"

"படத்துக்கும் போகல, மீனுக்கும் போகல."

"கெடச்சத விட்டுட்டு என்ன செய்யப் போற? பரவால்ல லா, பட்டம் பட்டம்தானே."

"உங்களுக்கு எல்லாமே பரவால்லப்பா. எனக்குப் பரவா இருக்கு!"

கேட்டுக்கொண்டிருந்த அம்மா, அந்தப் பொன்னாடையை எடுத்து மடித்து, "இது கோயிலுக்கு ஆகும்" என்று சொல்லி அலமாரிக்குள் வைத்தாள். அத்தோடு விஷயம் முடிந்தது. அப்பா தீபாவளி வரை என்னிடம் சரியாகப் பேசவில்லை.

கிள்ளானில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். மாலையில் பஸ் ஏறிக் கோலாலம்பூர் போய், பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடியில் நடந்த வகுப்பில் உட்காருவேன். லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிச் சட்டத் தேர்வுக்கு அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். கீழே பூக்கடை. படியேறும்போது மல்லிகை வாசம், மேலே போனால் வெள்ளைப் பலகை மார்க்கர் வாசம். நீதிமன்றம் முடிந்த கையோடு டையைத் தளர்த்திக்கொண்டு வந்து பாடம் எடுத்த வக்கீல்கள். ரயில் போகும்போது பேச்சை நிறுத்திவிட்டு, போன பிறகு அதே வாக்கியத்திலிருந்து தொடங்குவார்கள். சீனப் பிள்ளைகளும் நாங்களுமாக ஒரே பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்காருவோம். நூலகம் என்று ஒரு அலமாரி இருந்தது. அதில் பாதி இடத்தில் கெட்டில்.

அந்தக் குறையைத் தீர்த்தது காப்பார்த் தோழிதான். அவள் படித்தது வேறு துறை. ஆனாலும் தன் பல்கலைக்கழக நூலகத்தில் எனக்கு வேண்டிய தீர்ப்புகளைத் தேடிப் பிடித்து, போட்டோஸ்டாட் எடுத்து, வார இறுதியில் கிள்ளான் பஸ் நிலையத்தில் கொண்டுவந்து கொடுப்பாள். "நாட்டு நூலகம் தானே, உனக்கும் பங்கு இருக்கு" என்று மலாயில் சொல்வாள். எங்களைப் பிரித்து வைத்து எழுதிய கொள்கையை நாங்கள் இரண்டு பேரும் கிள்ளான் பஸ் நிலையத்தில் வைத்து மீறிக்கொண்டிருந்தோம்.

தேறினேன். உள்ளூர்த் தகுதித் தேர்விலும் ஒருமுறை விழுந்து எழுந்தேன். ஷா ஆலாம் உயர் நீதிமன்றத்தில் கறுப்பு அங்கியோடு வெளியே வந்தபோது வெயில் கண்ணில் அடிக்க, படத்தில் முகம் சுளித்துக்கொண்டு நிற்கிறேன். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "சிரிக்காதேன்னா சிரிக்கிறா, சிரிக்க வேண்டிய நாள்ல முறைக்கிறா" என்றார். தொண்டையைக் கனைக்காமல் சொன்னார்.

பிறகு எல்லாம் தலைகீழாக மாறியது. தொண்ணூறுகளின் நடுவில் புதுச் சட்டம் வந்தது. உயர்கல்வியைச் சீர்திருத்துகிறோம் என்றார்கள். தனியார் கல்லூரிகள் மழைக்காலக் காளான்போல் முளைத்தன. நெடுஞ்சாலை ஓரமெல்லாம் பட்டமளிப்புத் தொப்பி போட்ட விளம்பரங்கள். இங்கே இரண்டு வருடம், வெளிநாட்டில் ஒரு வருடம் என்றார்கள். கதவு இல்லை என்று அழுத நாட்டில் இப்போது எங்கு பார்த்தாலும் கதவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு காசாளர் உட்கார்ந்திருந்தார். கையுறைத் தொழிற்சாலைக்காரியின் மகள் இந்தக் கதவுகளில் எதற்குள்ளும் நுழைந்திருக்க முடியாது. அப்போது நான் கிள்ளானில் வழக்கறிஞர். மாலையில் அதே பூக்கடை மாடியில் ஒப்பந்தச் சட்டம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்ரீ கெம்பாங்கானில் கண்ணாடிக் கட்டடத்தில் ஒரு புதுக் கல்லூரி திறந்தார்கள். அதன் வாரியத் தலைவர் வேறு யாருமல்ல, நம் வட்டாரத் தலைவர்தான். அதற்குள் அவர் பெயருக்கு முன்னால் டத்தோ என்ற அரசுப் பட்டம் சேர்ந்திருந்தது. சட்ட வகுப்புகளைப் பற்றிப் பேச வேண்டும், ஒருமுறை வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். போனேன். கூடத்தில் கால் வைத்ததும் நின்றுவிட்டேன். சீருடைப் பிள்ளைகள். நெஞ்சுக்கு நேராகத் தாள். பின்னால் பெற்றோர். அந்த ஆண்டு இடம் கிடைக்காதவர்களைக் கல்லூரியின் பெயர்ப் பலகைக்கு முன்னாலேயே நிறுத்தியிருந்தார்கள். ஒரு தகப்பன் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் தோள் வலித்தது.

டத்தோவுக்கு என்னை நினைவில்லை. "வாங்க லாயர், வாங்க" என்று மலர்ந்தார். "உங்கள மாதிரி கஷ்டப்பட்டு மேல வந்தவங்க படத்த பிரோஷர்ல போடணும். அதப் பார்த்து இந்தப் பிள்ளைங்க இங்க சேருவாங்க."

"கட்டணம் கட்ட முடியாத பிள்ளைங்க?"

"அத பரிசீலிக்கலாம்."

"எத்தனை பேரை, டத்தோ? இன்னைக்கே சொல்லுங்க. இந்த வரிசையில இருந்தே எடுக்கலாம்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். படம் எடுக்க நேரமாகிவிட்டது என்றார்.

புகைப்படக்காரர் என்னைச் சுவரோரமாக நிறுத்தினார். தலை நரைத்திருந்தது, தொப்பையும் போட்டிருந்தது. இருந்தும் அந்தக் குரல் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் சிரிங்க லா, லாயர்."

நான் சிரிக்கவில்லை. கேமராவைக் கீழே இறக்கி மறுபடி கேட்டார்.

"நான் அன்னைக்கே சிரிச்சிட்டேன் அண்ணே" என்றேன். "மூணாவது வரிசை, நீலப் பினபோர். நீங்கதான் எடுத்தீங்க. அந்தப் படத்தையே பிரோஷர்ல போட்டுக்கச் சொல்லுங்க."