லட்சுமி அட்டையும் எவர்சில்வர் குடமும்

கூப்பன் சேர்ப்பது சம்பளமில்லாத உத்தியோகம். லீவும் கிடையாது. டீத்தூள் பாக்கெட்டைப் பிரித்ததும் தூளைப் பார்க்காமல், உள்ளே அட்டை இருக்கிறதா என்று விரலை விட்டுத் துழாவியவரா நீங்கள்? அப்படியானால் என் பாடு உங்களுக்குப் புரியும்.

அறுபதுகளின் தொடக்கம். இலுப்பூரில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். என் தங்கச்சி செல்லத்துக்குத் தை மாதம் கல்யாணம். "சீர்ல ஒரு எவர்சில்வர் பாத்திரம்கூட இல்லைன்னா மாமியா வீட்ல என்னை மதிப்பாங்களாக்கா?" என்று அவள் கண்ணைக் கசக்கியதும், "குடம் நான் தாரேன்டி" என்று வாயை விட்டுவிட்டேன். கடையில் வாங்க வாத்தியார் சம்பளம் எங்கே பத்தும்? அப்போதுதான் ஒரு டீத்தூள் கம்பெனி, பாக்கெட்டுக்குள் பட அட்டை போட்டது. யானை, மயில் அட்டைகள் ஒரு கட்டு, கூடவே ஒரே ஒரு லட்சுமி அட்டை. கொண்டுபோய்க் கொடுத்தால் சின்ன எவர்சில்வர் குடம். கம்பெனி வேன் மார்கழியில் ஊருக்கு வரும் என்றார்கள்.

பொட்டலம் வேண்டாம்

எங்கள் ஊரில் முழுப் பாக்கெட் வாங்குகிறவர்கள் குறைவு. மளிகைக்கடை ராவுத்தரண்ணன் பாக்கெட்டைப் பிரித்து டப்பாவில் கொட்டி, கேட்கிற அளவுக்குப் பொட்டலம் கட்டித் தருவார். அட்டை அவர் வீட்டுக்குப் போய்விடும். அவர் சம்சாரத்துக்கும் குடத்தில் ஆசை இருக்காதா, பின்னே!

அதனால் பொட்டலமே வேண்டாம், பிரிக்காத பாக்கெட்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். வாரம் தவறாமல் நான் வந்து நிற்பதைப் பார்த்து அவர் தராசைக் கீழே வைத்துவிட்டார். "ஏத்தா, வாத்தியாரு வேலையை விட்டுட்டு டீக்கடை வைக்கப் போறாரா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

காப்பிக்காரர் பட்ட பாடு

என் வீட்டுக்காரர் பரம்பரைக் காப்பிக்காரர். டீ என்றாலே முகத்தைச் சுளிப்பார். ஆனால் பாக்கெட் தீர்ந்தால்தானே அடுத்த பாக்கெட்? காப்பித்தூளை நிறுத்தினேன். காலையில் டீ, மத்தியானம் டீ, பள்ளிக்கூடம் விட்டு வந்தால் டீ. தாகமாக இருக்கிறது, தண்ணீர் கொடு என்று கேட்டாலும் டீ. பாவம், மனுஷன் ராத்திரியெல்லாம் விட்டத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

ஒரு நாள் விடியற்காலையில் அடுப்பைப் பற்றவைக்கப் போனேன். அவர் சிவந்த கண்ணோடு எழுந்து உட்கார்ந்தார். "ஒன் தங்கச்சி கல்யாணத்துக்குள்ள நான் முழிச்சுக்கிட்டே செத்துப்போவேன் போலருக்கே!"

சுவர் ஏறிய லட்சுமி

செலவைக் குறைக்கப் பக்கத்து வீட்டு மீனாட்சி அக்காவைக் கூட்டுச் சேர்த்தேன். தூளில் ஆளுக்குப் பாதி. அட்டை ஒரு தடவை எனக்கு, ஒரு தடவை அக்காவுக்கு. என் முறை வரும்போதெல்லாம் யானையும் மயிலுமாக வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அக்கா முறையில், தாமரை மேல் உட்கார்ந்துகொண்டு வந்துவிட்டாள் லட்சுமி!

என் யானை, மயில் எல்லாவற்றையும் தருகிறேன், அந்த ஒன்றைக் கொடு என்று கேட்க ஓடினேன். அதற்குள் அக்கா அட்டையைச் சோற்றுப்பசை தடவிச் சாமி மாடத்துச் சுவரில் ஒட்டி, மஞ்சளும் குங்குமமும் வைத்து, சூடம் காட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா என்னைத்தான் முறைத்தார். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா மகாலட்சுமியை வெளியே அனுப்பச் சொல்றியே, நீ நல்லா இருப்பியாடி?"

வேனுக்குப் போன ஊர்வலம்

கம்பெனி வேன் சந்தைப் பக்கம் வந்து நின்றது. நான் அட்டைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். செல்லத்துக்கு என்ன பதில் சொல்வேன்? மீனாட்சி அக்கா எட்டிப் பார்த்தார். "என்னடி, எழவு விழுந்த மாதிரி உக்காந்திருக்கே?" தங்கச்சிக்கு நான் கொடுத்த வாக்கைச் சொன்னேன். "கல்யாணத்துக்குன்னு முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுதானே! கல்யாணத்துக்குன்னா லட்சுமி தாராளமாப் போவா" என்று உள்ளே போனார்.

மண்சுவர். அட்டையை எடுத்தால் அட்டை மட்டுமா வரும்? சுவர்ப் பூச்சும் சேர்ந்து பெயர்ந்து வந்தது. அக்கா அதை அப்படியே தாம்பாளத்தில் வைத்து, வெற்றிலை பாக்கு, பூவோடு முன்னால் நடந்தார். நான் கட்டோடு பின்னால் ஓடினேன். வேன்காரர் என் அட்டைகளை எண்ணி வைத்தார். பிறகு தாம்பாளத்தைப் பார்த்தவர் செருப்பைக் கழற்றிவிட்டார். "அம்மா, இதை நான் ஆபீசுக்கு அனுப்புறதா, கோயிலுக்கு அனுப்புறதா?"

பேர் வெட்டிய குடம்

குடம் கைக்கு வந்தது. தகதகவென்று கண்ணைப் பறித்தது. ஒரே ஒரு குறை. எங்கள் பக்கத்தில் சீர்ப் பாத்திரத்தில் கொடுத்தவர் பேரை வெட்டுவார்கள். இந்தக் குடத்தின் கழுத்தில் கம்பெனிக்காரன் தன் பேரைக் கொட்டை எழுத்தில் வெட்டிவைத்திருந்தான். பூச்சரத்தைச் சுற்றி மறைத்துத்தான் சீர்வரிசையில் வைத்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா நேராக அந்தப் பூச்சரத்தைத்தான் நகர்த்தினார். எழுதியிருந்ததை அவர் தம்பி ஊருக்கே கேட்கும்படி வாசித்தார். "இது யாரு, பொண்ணுக்குத் தாய்மாமனா? ஆளையே காணோம்?" என்றார் அந்த அம்மா. டீத்தூள் பேர் தெரிந்தவர்கள் குபீரென்று சிரித்தார்கள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது. மணையில் இருந்த செல்லம் எழுந்து வந்தாள். மாலையும் கழுத்துமாகக் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "எங்க அக்கா வீட்ல டீயாக் குடிச்சுக் குடிச்சு எனக்காகச் சேத்த குடம் அத்தே. இது எங்கிட்டு வருதோ, அங்கிட்டுத்தான் நானும் வருவேன்!"

சிக்கனம் பிடித்த லட்சணத்தைக் கேட்கிறீர்களா: குடம் தங்கச்சி வீட்டில், லட்சுமி கம்பெனியில், மீனாட்சி அக்கா வீட்டுச் சுவரைப் பூசிய கொத்தனார் கூலி மட்டும் என் தலையில்.