மந்தாரக்குப்பத்தில் பெரியப்பாவுக்கு வேறு பேர்

சென்னையில் இருந்த பெரியப்பா, வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு பிடித்துப் போய் நான்கு வருடம் ஆகிறது. ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. அங்கே சொந்தபந்தம் என்று ஒருவரும் கிடையாது. போன சனிக்கிழமை, எப்படியாவது கையோடு கூட்டி வந்துவிடுவது என்று கிளம்பினேன்.

கிளாம்பாக்கத்தில் காலை 5.40 பேருந்து, 230 ரூபாய். 10.30க்கு நெய்வேலி. அங்கிருந்து எட்டு கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் 30 ரூபாய். தொப்பி எடுத்துப்போங்கள், வெயில் மண்டையைப் பிளக்கிறது.

பெரியப்பா பக்கத்து வீட்டில் இருந்தார். அந்த வீட்டுக்காரர் சேகருக்கு வலது கை இல்லை. இடது கையால் நோட்டில் கையெழுத்துப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தார்.

"வாம்மா. வாத்தியார்தான் எனக்கு எழுதச் சொல்லிக் குடுத்துக்கினு இருக்காரு."

"வாத்தியாரா?" எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என் வாய் சும்மா இருக்குமா? "இவர் ரப்பர் கெமிஸ்டுங்க! முப்பத்திரண்டு வருஷம். கன்வேயர் பெல்ட் ஒட்டற ரப்பர், இவர் கையெழுத்துப் போட்டாத்தான் கம்பெனிய விட்டே வெளிய போகும்."

சேகரின் பேனா நின்றது. ஜல்லி கிரஷரில் பெல்ட் ஒட்டு விட்டுப்போய்த்தான் அவர் கை போனது என்று நான் எங்கே கண்டேன்?

"எந்தக் கம்பெனி சார்?" வாத்தியார் அந்த நிமிடமே சார் ஆகிவிட்டார்.

பெரியப்பா நிமிரவே இல்லை. "அதேதான் சேகர். வெந்த ரப்பரை ஒரு ராத்திரி ஆறவிட்டுத்தான் இழுத்துப் பார்க்கணும். லாரி நின்னுக்கிட்டு இருந்துச்சு. சூட்டோட இழுத்துட்டு, சரின்னு கையெழுத்துப் போட்டுட்டேன். பிஞ்ச துண்டு உங்க பேரோட என் மேஜைக்கே திரும்பி வந்துச்சு. சொல்லத்தான் இந்த ஊருக்கு வந்தேன். சொல்ல வாய் வரலை."

 

சேகர் நோட்டை மூடினார். "நாளையிலேர்ந்து என் வூட்டுக்கு வராதீங்க சார்." கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

திரும்ப மாலை 4.15 பேருந்து, இரண்டு டிக்கெட். நினைத்து வந்த காரியம் முடிந்துவிட்டது. இப்படியா முடியவேண்டும்? நெய்வேலி போகிறவர்களுக்கு என் யோசனை: மதியச் சாப்பாட்டை டவுன்ஷிப்பிலேயே முடித்துக்கொள்ளுங்கள். யாரையாவது பார்க்கப் போனால், அந்த ஊரில் அவரை என்னவென்று கூப்பிடுகிறார்கள், ஏன் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டுவிட்டு வாயைத் திறங்கள்.

பண்ருட்டி தாண்டியதும் பெரியப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"சேகருக்கு 'க' இன்னும் சரியா வரலை."