பாதியில் நின்ற நாவல்

கேட்டவர்கள் சிரித்தால், அந்தச் சிரிப்புக்கு வாசித்தவள் பொறுப்பாவாளா? ஐம்பதுகளின் நடுவில், இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த வீரம்மாவின் வாழ்க்கை இந்தக் கேள்வியில் வந்து முட்டியது.

அவள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். கல்யாணமாகி வந்த லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், வாசிக்கத் தெரிந்த பெண் அவள் ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், துணி துவைத்து முடித்ததும், அவள் வீட்டு இஸ்தோப்பில், அந்தச் சின்ன முன்தாழ்வாரத்தில், கூட்டம் சேர்ந்துவிடும். தோட்டப் பள்ளிக்கூடத்துச் சிவராசா மாஸ்டர் இரவல் கொடுக்கும் நாவல்களை உரக்க வாசிப்பாள். குரல் ஒன்றும் பிரமாதமில்லை. கேட்பவர்கள் அதைப் பொருட்படுத்தவும் இல்லை.

லயத்தில் கதை கேட்கும் விதம் தனி. கதையில் வரும் ஆளை மறக்காமலிருக்க, தங்களுக்குள் ஒருவரையே அந்த ஆளாக்கிக்கொள்வார்கள். அழுமூஞ்சி மருமகள் என்றால் நாகலெட்சுமி. ஊர் சுற்றும் தம்பி என்றால் பழனியாண்டி. அந்த மழைக்காலத்து நாவலில் சூரப்பன் என்று ஒரு பண்ணைக் காரியஸ்தன் வந்தான். கூலி நெல் அளக்கும்போது மரக்காலுக்குள் கட்டைவிரலை விட்டுக்கொள்கிறவன். யாரும் யோசிக்கவே இல்லை. கொழுந்து நிறுக்கும் கந்தப்பன் கணக்கப்பிள்ளைதான் சூரப்பன்.

பெயரும் அதைச் சொல்லிச் சிரித்த சிரிப்பும் இஸ்தோப்போடு நிற்கவில்லை. தராசடியில் காளியாயி, "சூரப்பன் வர்றாருடி, கூடையப் புடி" என்று சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது.

மறுநாள் பெரட்டில் எல்லோரும் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கையில், கந்தப்பன் வீரம்மாவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"நீதான் கதை படிக்கிறவளா? வர்ற ஞாயித்துக்கெழம நானும் கேக்க வர்றேன். கத சரியில்லேன்னா பத்துச்சீட்டுதான்."

பத்துச்சீட்டு கொடுத்தால் வேலை போயிற்று. வேலையோடு லயத்துக் காம்பராவும் போகும். அவளுக்கும் புருஷன் சோலைமலைக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் வேறு கூரை கிடையாது.

அவள் மாஸ்டரிடம் ஓடினாள். "கெட்டவனே இல்லாத நாவல் ஒன்னு இருக்குங்களா சார்?"

"அப்பிடி எழுதினா ஆர் பிள்ளை வாசிக்கிறது?" என்றார் அவர். பெட்டியைக் கிளறி ஒன்றை எடுத்தார். "இதிலை ஒரு மாமிதான் பொல்லாதவ. ஆம்பிளையள் எல்லாரும் பசுமாடுகள்."

சோலைமலைக்கு உயிர் வந்தது. "இதையே படி புள்ள. மாமியான்னா காளியாயியத்தான் சொல்லுவாங்க, அவளுக்குத்தான் கோவம் வரும். வந்தா வரட்டும்."

ஞாயிற்றுக்கிழமை கந்தப்பன் நாற்காலியோடு வந்து முன்னால் உட்கார்ந்தார். வெற்றிலை மெல்லும் சத்தம்கூட இல்லை. வீரம்மாவின் மடியில் இரண்டு புத்தகங்கள். மாமியார் கதை மேலே; பாதியில் நின்ற சூரப்பன் கதை கீழே. அதை எதற்குக் கொண்டுவந்தாள் என்று சோலைமலைக்கு விளங்கவில்லை.

மாமியார் கதையில் ஒரு பக்கம் போயிற்று. மாமியார் திட்டினாள், மருமகள் அழுதாள். யாரும் சிரிக்கவில்லை. கந்தப்பன் மட்டும் வாய் நிறையச் சிரித்தார்.

"இம்புட்டுத்தானா? மாமியா சண்டைக்கா இத்தன பேரு கூடுறீங்க? படி, படி. நல்ல புள்ள."

காளியாயி தரையைப் பார்த்தாள். பழனியாண்டி எழுந்துபோகப் பார்த்து, பயந்து, மறுபடி உட்கார்ந்தான்.

வீரம்மா வாசிப்பை நிறுத்தினாள். மேலே இருந்த புத்தகத்தை மூடிப் பக்கத்தில் வைத்தாள். அடுத்ததை எடுத்துப் பக்கம் தேடினாள். சோலைமலை இருமினான், இன்னும் பலமாக இருமினான். அவள் நிமிர்ந்து பார்க்காமல், சூரப்பன் களத்துமேட்டுக்கு வரும் அத்தியாயத்தை வாசிக்கத் தொடங்கினாள். முதலில் காளியாயி சிரித்தாள், பிறகு எல்லோரும்; கந்தப்பன் மட்டும் சிரிக்கவில்லை.

இதைத் துணிச்சல் என்று உடனே சொல்லிவிட முடியாது. அந்த மடியில் நாலு பேருடைய சோறும் இருந்தது.

பத்துச்சீட்டு வரவில்லை. அந்த வருடம் முழுக்க, அட்டை மொய்க்கும் உச்சிமலையில்தான் கந்தப்பன் அவளுக்குப் பறிக்கத் தேயிலை நிரை ஒதுக்கினார். ஏன் அதை எடுத்தாய் என்று சோலைமலை கோபமாகவும் கேட்டான், தணிவாகவும் கேட்டான். அவள் சொல்லவே இல்லை.